அறுபத்தோரு ஓட்டில் தோற்ற வக்கீல்

லோவெல் ட்ரெஸ்லரிடம் நான் வேலைக்குச் சேர்ந்தது 1963 ஜனவரியில். எனக்கு இருபத்துநாலு வயது, அவருக்கு முப்பத்தொன்று. அதற்கு முந்தின நவம்பரில்தான் எங்கள் மாவட்டமான பிரிஸ்டோ கவுண்டியின் அரசு வக்கீலாக அவர் தேர்தலில் ஜெயித்திருந்தார். ஹார்ட்வேர் கடைக்கு மேலே மாடியில் அவருடைய ஆபீஸ். படி ஏறிப் போனவுடனே, பின்னால் தெரிந்து வம்பாக வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன்.

"எங்க வீட்ல மூணு தலைமுறையா ஜனநாயகக் கட்சி. நவம்பர்ல நான் உங்களுக்கு ஓட்டுப் போடல."

அவர் கையிலிருந்த காகிதத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "டைப்பிங் எவ்வளவு வேகம்?"

"நிமிஷத்துக்கு எழுபது வார்த்தை."

"நான் ரெண்டு விரலால குத்தறவன். திங்கக்கிழமை வந்துடுங்க, மாவிஸ்."

அந்தத் திங்கட்கிழமையிலிருந்து நாற்பத்துமூன்று வருடம் அந்தப் படியை ஏறி இறங்கினேன். கட்சிக்காக அவர் நின்ற அத்தனை நவம்பர் தேர்தலிலும் அவருக்கு எதிராகவே ஓட்டுப் போட்டேன். அவருக்கும் அது தெரியும். தேர்தல் மறுநாள் காலையில், "என்ன மாவிஸ், உன் ஆளு எத்தனை ஓட்டுல விழுந்தான்?" என்று கேட்டுக்கொண்டேதான் கோட்டைக் கழற்றுவார்.

பார்வைக்குப் பெரிய ஆள் இல்லை. உயரம் உண்டு, ஆனால் கழுத்தை முன்னால் நீட்டி நடப்பார். தொப்பிக்குக் கீழே காது இரண்டும் தனியாகத் தெரியும். மத்தியானம் தினமும் பன்றித்தொடை சாண்ட்விச்சும் ஊறப்போட்ட பீட்ரூட்டும்தான்; வேறு எதையும் அவர் கேட்டு நான் பார்த்ததில்லை. யாரையும் வாய்விட்டுப் பாராட்ட மாட்டார். நான் பிழையில்லாமல் நாற்பது பக்கம் அடித்துக் கொடுத்தால், "இதுல தப்பு இல்ல" என்பார். அதுதான் அவரிடம் கிடைக்கும் அதிகபட்சம். பிடிவாதம் ஏராளம். சர்ச்சில் பாட்டுப் பாடும்போது பக்கத்து வரிசைக்காரர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்பார்கள். அது தெரிந்தும் இன்னும் சத்தமாகப் பாடுவார்.

அரசியலில் அவர் பழைய காலத்துக் குடியரசுக் கட்சிக்காரர். அரசாங்கம் என்பது சின்னதாக, தூரமாக, தன் வேலையைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். அதற்கு அவர் சொல்லும் கதை ஒன்று உண்டு. 1934 வறட்சியில், அவருக்கு மூன்று வயது இருக்கும்போது, அவருடைய மாமாவின் பண்ணைக்கு அரசாங்க ஆட்கள் இரண்டு பேர் துப்பாக்கியோடு வந்தார்கள். தீவனம் இல்லாமல் நின்ற மாடுகளை விலைக்கு எடுத்து, பள்ளத்தில் இறக்கி, வரிசையாகச் சுட்டுவிட்டுப் போனார்கள். மேடையேறினால் இந்தக் கதையைச் சொல்லாமல் இறங்க மாட்டார். கேட்கிற விவசாயிகள் தலையைக் குனிந்துகொள்வார்கள்.

அவருடைய மனைவி அர்லீன் ஒருநாள் என்னிடம் மீதிக் கதையைச் சொன்னார். அந்த மாடுகளுக்கு அரசாங்கம் கொடுத்த செக்கை வைத்துத்தான் மாமா குடும்பம், லோவெல் குடும்பம் இரண்டும் அந்தக் குளிர்காலத்தில் உயிர் பிழைத்ததாம். அடுத்த கூட்டத்திலிருந்து திரும்பி வந்தபோது நான் அவரை விடவில்லை.

"பாதிக் கதையத்தான சொல்றீங்க. செக்கு என்ன ஆச்சு?"

அவர் கார்க் கண்ணாடி வழியாக முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தார். "மீதிப் பாதிய உங்க கட்சி மேடையில சொல்லட்டும். அதுக்குத்தான ரெண்டு கட்சி இருக்கு," என்றார். பிறகு, "பெல்ட்டப் போடு," என்றார்.

அந்தப் பெல்ட் சமாசாரத்தையும் சொல்ல வேண்டும். அவருடைய காரில் யார் ஏறினாலும் பெல்ட் போட்டால்தான் வண்டி நகரும். ஆனால் எல்லோரும் பெல்ட் போட்டாக வேண்டும் என்று பிற்பாடு மாநில செனட்டில் மசோதா வந்தபோது எதிர்த்து ஓட்டுப் போட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "என் கார்ல நான் சொல்லலாம். உன் கார்ல நான் யாரு சொல்றதுக்கு?" என்றார்.

*

ஹோமர் கிட்வெல்லை நாங்கள் முதலில் சந்தித்தது 1966இல், குற்றவாளிக் கூண்டில்.

ஊருக்குத் தெற்கே மூன்று மைலில் ஹோமருக்கு நல்ல கோதுமை நிலம். ஹோமர் தனியாள். லோவெல்லைவிடப் பத்து வயது மூத்தவர். யாரோடும் ஒத்துப்போக மாட்டார். கவுண்டி ரோட்டை அகலப்படுத்துவதற்காக அவருடைய வயலின் ஓரத்தில் எட்டு அடியை முறைப்படி எடுத்து, அதற்கான விலையையும் கோர்ட்டில் கட்டிவிட்டார்கள். ஹோமர் அந்தப் பணத்தை வாங்க மறுத்தார். அளவெடுக்க வந்தவனுடைய வண்டியின் நாலு டயரையும் துப்பாக்கியால் சுட்டார்.

அரசு வக்கீல் என்ற முறையில் லோவெல் வழக்கை நடத்தினார். ஜூரி முன்னால் அவர் பேசியது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் நான்தான் அதை அடித்தேன். ரோடு எல்லோருக்கும் பொது. ஹோமரும் அதில்தான் கோதுமை ஏற்றிப் போகிறார். பொது வேலைக்கு, நியாயமான விலை கொடுத்து, நிலத்தை எடுக்கச் சட்டத்தில் இடம் உண்டு. பிடிக்காவிட்டால் கோர்ட்டுக்கு வரலாம், துப்பாக்கியை எடுக்கக்கூடாது. அவ்வளவுதான் பேசினார். ஹோமருக்கு மூன்று மாதம் கிடைத்தது.

தீர்ப்பு வந்தது ஜூன் ஆரம்பத்தில். கோதுமை முற்றி நின்றது. லோவெல் எழுந்து, அறுவடை முடிந்த பிறகு தண்டனையைத் தொடங்கலாமே என்று நீதிபதியிடம் கேட்டுக்கொண்டார். நீதிபதி சரி என்றார். வெளியே வராந்தாவில் ஹோமர் எங்களைக் கடந்து போனார்.

"உன்கிட்ட நான் பிச்ச கேட்டேனா, வக்கீலு?"

"இல்ல, மிஸ்டர் கிட்வெல். கோதும உங்ககிட்ட கேட்டுட்டு முத்தலயே."

ஹோமர் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து பதினெட்டு வருடம் தெருவில் லோவெல்லைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுவார்.

*

1972இல் லோவெல் மாநில செனட்டுக்கு நின்றார். நிற்கவைத்தவர் கிளென் புரூபேக்கர். கிளென் எங்கள் ஊரில் டிராக்டர், அறுவடை இயந்திரம் விற்கிறவர். பள்ளிக்கூடத்திலிருந்து லோவெல்லின் கூட்டாளி. நவம்பரில் இரண்டு பேரும் காட்டுக்கோழி வேட்டைக்குப் போவார்கள்; ஒரே நாயை இரண்டு வீடும் மாற்றி மாற்றி வளர்த்தன. தேர்தல் வேலை முழுவதும் கிளென் தலையில்தான். லோவெல்லுக்குக் கைகுலுக்கத் தெரியாது. ஒருத்தர் கையைப் பிடித்தால், அவருடைய உயில் எழுதி முடிந்ததா என்று கேட்பார்.

"டேய், ஓட்டுக் கேக்கப் போனா சாவப் பத்தியா பேசுவாங்க?" என்று கிளென் தலையில் அடித்துக்கொள்வார்.

இருந்தும் ஜெயித்தார். எழுபத்தாறிலும் ஜெயித்தார், எண்பதிலும் ஜெயித்தார். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை ஒவ்வொரு வாரமும் இருநூற்று அறுபது மைல், மாநிலத் தலைநகரான டொபீகாவுக்கு ஓட்டிக்கொண்டு போவார், வெள்ளிக்கிழமை திரும்பி வருவார். வருகிற மசோதா ஒவ்வொன்றையும் கடைசி வரி வரை படிப்பார். அங்கே அப்படிப் படிக்கிறவர்கள் குறைவு என்பதால் மூன்றாவது தடவை ஜெயித்தபோது சட்டக் கமிட்டிக்குத் தலைவராகப் போட்டார்கள். அவர் கொண்டுவந்த சட்டங்களை விட நிறுத்தின சட்டங்கள்தான் அதிகம். அதில் சிலதை நிறுத்தினது தப்பு என்று நான் இன்றைக்கும் சொல்வேன். ஆசிரியர்கள் சங்கம் வைத்துப் பேரம் பேசும் உரிமையைக் கூட்டிக் கொடுக்கும் மசோதாவை அவர் அமுக்கினார். அர்லீன் இரண்டாம் வகுப்பு டீச்சர். அந்த வாரம் அவருடைய சட்டைகளுக்கு அர்லீன் இஸ்திரி போடவில்லை.

எண்பத்துமூன்றின் கடைசியில், இறைச்சி பதப்படுத்தும் கம்பெனி ஒன்று எங்கள் கவுண்டிக்கு வரப் பார்த்தது. எண்ணூறு பேருக்கு வேலை. எங்கள் ஊரில் மொத்தமே இரண்டாயிரத்து நூறு பேர். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள்; துணிக்கடை மூடிவிட்டது, சினிமா மூடிவிட்டது. கம்பெனிக்குத் தண்ணீரும் ரயில் பாதையும் ஒருங்கே வேண்டும். இரண்டும் சேர்ந்து கிடைத்த இடம் ஒன்றுதான், ஹோமர் கிட்வெல்லின் நிலம். ஹோமர் விற்க மாட்டேன் என்றார். விலையை இரண்டு மடங்கு ஆக்கினார்கள். பேச வந்தவர்கள் மேல் நாயை ஏவிவிட்டார்.

அதனால் மசோதா ஒன்று தயாரானது. வேலை கொடுக்கும் கம்பெனிக்காக, கவுண்டியே தனியார் நிலத்தைக் கட்டாயமாக எடுத்துக் கம்பெனிக்குக் கொடுக்கலாம் என்று. எழுதியவர்கள் லோவெல்லின் சொந்தக் கட்சிக்காரர்கள். மசோதா அவருடைய கமிட்டிக்குத்தான் வர வேண்டும்.

கிளென் ஆபீசுக்கு வந்தார். நான் கதவைச் சாத்தப் போனேன். "நீயும் இரு மாவிஸ். நீயாவது இவனுக்குச் சொல்லு," என்றார்.

"சொல்றதுக்கு என்ன இருக்கு," என்றார் லோவெல். "ரோடு போடணும்னா எடுக்கலாம். பள்ளிக்கூடம் கட்டணும்னா எடுக்கலாம். ஒருத்தன் நிலத்தப் புடுங்கி இன்னொருத்தன் லாபத்துக்குக் கொடுக்கறதுக்கு என்ன பேரு?"

"எண்ணூறு வேலைன்னு பேரு. ஊரு பொழைக்கும்னு பேரு."

"நல்ல வேலதான். வேணாம்னு நான் சொல்லல. அந்தாளு விக்கட்டும், நானே பத்திரம் எழுதித் தரேன்."

"அவன் விக்க மாட்டான்டா. உன்னையே பதினெட்டு வருஷமா மூஞ்சியப் பாக்காம போறான். அவனுக்காகவா?"

"அவனுக்காக இல்ல, கிளென். நாளைக்கு உன் கடைய எவனாவது கேட்டா?"

"எடுத்துக்கட்டும். வாங்க ஆள் இல்லாத கடை, வச்சு என்ன பண்றது?"

அந்த வருடம் கிளென் விற்றது மூன்றே டிராக்டர் என்று எங்களுக்குத் தெரியும். லோவெல் பேனாவை மூடி வைத்தார். கடைசியில், "என்னால முடியாதுடா," என்றார்.

நானும் கிளென் பக்கம்தான் இருந்தேன், மறைப்பானேன். என் தம்பிக்கு வேலை இல்லை. அதை அவரிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டார், ஆனால் மனசை மாற்றிக்கொள்ளவில்லை.

வீட்டிலும் இதே கதைதான். அர்லீன் எனக்கே சொன்னார். "என் வகுப்புல ஒம்பது பிள்ளைங்க, மாவிஸ். நான் சேர்ந்தப்ப இருபத்தாறு. 'லோவெல், அந்த ஒம்பது நாற்காலிய வந்து பாருங்க'ன்னேன். வந்தாரு. ஒரு மணி நேரம் கடைசி பெஞ்சுல உக்காந்தாரு. போகும்போது, 'நீ சொல்றது உண்மதான்'னாரு. உண்மன்னு தெரிஞ்சும் மாறாத மனுஷன என்ன பண்றது?"

எண்பத்துநாலு மார்ச்சில் கமிட்டியில் ஓட்டெடுப்பு. ஐந்துக்கு ஐந்து. தலைவர் என்ற முறையில் கடைசி ஓட்டு அவருடையது. எதிர்த்துப் போட்டார். மசோதா அங்கேயே செத்தது.

அந்த வெள்ளிக்கிழமை ஊருக்கு வந்து, வழக்கம்போல முக்குக் கடைக்குக் காபி குடிக்கப் போனார். நானும் கூட இருந்தேன். கவுண்டரில் ஏழெட்டுப் பேர். ஒருத்தரும் நகர்ந்து இடம் விடவில்லை. எலிவேட்டர் என்கிற தானியக் கிடங்கில் கோதுமை எடை போடுகிற டுவேன், கோப்பையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"எங்க மாப்ள வண்டி கட்டிட்டான், செனட்டரு. பேரப்பிள்ளைங்களோட டல்லாஸ் போறான். இங்க வேல வரும்னு நெனச்சிருந்தோம்."

"வருத்தமா இருக்கு, டுவேன்."

"உங்க வருத்தத்த வச்சுக் காபி கூட வாங்க முடியாது."

யாரோ சிரித்தார்கள். லோவெல் நின்றுகொண்டே காபியைக் குடித்து முடித்தார். பாதியில் வைத்துவிட்டுப் போயிருக்கலாம், போகவில்லை.

*

ஜூனில் கிளென் பெயர் கொடுத்தார். செனட்டுக்கு. லோவெல்லுக்கு எதிராக, அதே கட்சியில்.

எங்கள் பக்கம் ஆகஸ்டில் கட்சிக்குள் நடக்கிற முதல் தேர்தல்தான் உண்மையான தேர்தல். அதில் ஜெயித்தால் நவம்பரில் ஜெயித்த மாதிரி. ஆனால் அதில் அந்தந்தக் கட்சியில் பதிந்தவர்கள் மட்டுமே ஓட்டுப் போடலாம். நான் பதிவை மாற்றினால்தான் அவருக்குப் போட முடியும். அந்தக் கோடையில் எனக்கே ஆச்சரியமாக, மாற்றலாமா என்று தோன்றியது. மசோதா விஷயத்தில் அவர் தப்பு என்றுதான் நினைத்தேன். ஆனால் இருபது வருடமாக அவரைப் பார்க்கிறவள் நான். கிளென் நல்லவர், ஆனால் கிளென் ஒரு மசோதாவைக்கூட முழுசாகப் படிக்க மாட்டார்.

பதிவுப் பாரத்தை வாங்கி என் மேஜையில் வைத்திருந்தேன். லோவெல் பார்த்துவிட்டார்.

"இது என்ன?"

"ஒண்ணும் இல்ல."

"மாவிஸ், நீ கட்சி மாறினா அப்புறம் இந்த ஆபீஸ்ல நான் யார்கூட சண்டை போடறது? கிழிச்சுப் போடு."

கிழித்துப் போட்டேன். அவர் சொன்னதற்காக மட்டும் இல்லை. என் அப்பாவின் முகமும் கண்முன் வந்தது.

பிரசாரம் என்று அவர் பெரிதாக எதுவும் செய்யவில்லை. கிளென் இல்லாமல் அவருக்குச் செய்யவும் தெரியவில்லை. கவுண்டிச் சந்தையில் ஒரு மேஜை போட்டு உட்கார்ந்தார். கிளென்னின் மேஜை எதிரிலேயே இருந்தது, அங்கே எலுமிச்சை ஜூஸ் கொடுத்தார்கள். வெயில் ஏற ஏற, இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. நான் போய் இரண்டு கோப்பை வாங்கி வந்தேன். கிளென் காசு வாங்கவில்லை. "அவன தொப்பியப் போட்டுக்கச் சொல்லு, காது வெந்துடும்," என்று மட்டும் சொன்னார்.

லோவெல் அறுபத்தோரு ஓட்டில் தோற்றார்.

மறுநாள் காலை எப்போதும் போல எட்டு மணிக்கு வந்தார். நான் அழுதிருந்தேன், அது தெரிந்திருக்கும். கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு ஜன்னலோரம் நின்றார்.

"காலைல அர்லீன் முட்ட பொரிச்சுக்கிட்டே சொன்னா. ஓட்டுச் சீட்டுல என் பேருக்கும் போடலையாம், கிளென் பேருக்கும் போடலையாம். அந்த இடத்த வெறுமனே விட்டுட்டாளாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அது அவ ஓட்டு. நான் என்ன சொல்றது?" என்றார். பிறகு, "முட்ட நல்லாத்தான் இருந்துச்சு," என்றார். அன்றைக்கு நாலு மணிக்கே வீட்டுக்குப் போனார். அந்த ஆபீசில் அவர் நாலு மணிக்குப் போனது அன்று ஒரு நாள்தான்.

*

அடுத்த வருடம் கிளென் டொபீகாவுக்குப் போனார், மசோதா நிறைவேறியது. எண்பத்தைந்து அக்டோபரில் ஹோமர் கிட்வெல்லுக்கு கவுண்டியிலிருந்து நோட்டீஸ் போனது.

மூன்றாம் நாள் படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. ஹோமர் வாசலில் நின்றார். தொப்பியைக் கழற்றவில்லை. அறுபத்துநாலு வயது, உடம்பு ஒடுங்கிப் போயிருந்தது.

"அவன் இருக்கானா?"

லோவெல் உள்ளேயிருந்து எழுந்து வந்தார். "வாங்க, மிஸ்டர் கிட்வெல்."

"நாப்பது மைலுக்கு இந்தப் பக்கம் எந்த வக்கீலும் எடுக்க மாட்டேங்கறான். எல்லாவனும் கவுண்டிக்குப் பயப்படறான்." ஹோமர் நோட்டீசை என் மேஜை மேல் போட்டார். "உன்ன எனக்குப் புடிக்காது. முன்னயும் புடிக்காது, இப்பவும் புடிக்காது."

"அதுக்கு நான் தனியா பீஸ் வாங்கறதில்ல. உக்காருங்க."

ஹோமர் உட்கார்ந்தார். நான் காபி கொடுத்தேன். குடித்துவிட்டு, தண்ணியாக இருக்கிறது என்றார்.

வழக்கு இரண்டு வருடம் நடந்தது. கவுண்டிக் கோர்ட்டில் தோற்றோம். ஆபீசுக்கு வேலை வருவது குறைந்தது. உயில் எழுத, பத்திரம் பதிய வருகிறவர்கள்கூட அடுத்த ஊருக்குப் போனார்கள். சர்ச்சில் அவர் வழக்கமாக உட்காரும் வரிசையில் அவரும் அர்லீனும் மட்டும் உட்கார்ந்திருப்பார்கள். அர்லீன் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட வராமல் இருந்ததில்லை. வழக்கில் அவருக்குச் சம்மதம் இல்லை, ஆனால் பக்கத்தில் உட்காருவதை விடவில்லை.

லோவெல் மேல்முறையீட்டை இரண்டு விரலால் தானே குத்தினார். நான் அடித்துத் தருகிறேன் என்றேன். வேண்டாம், குத்தும்போதுதான் யோசனை வருகிறது என்றார். முப்பத்தொரு பக்கம். எண்பத்தேழு நவம்பரில் மாநிலத்தின் மேல் கோர்ட் தீர்ப்புச் சொன்னது: ஒருவருடைய நிலத்தை இன்னொருவருடைய தொழிலுக்காகக் கட்டாயமாக எடுப்பது பொதுக் காரியம் ஆகாது, நோட்டீஸ் செல்லாது. போனில் கேட்டுவிட்டு அவர் ரிசீவரை வைத்தார். "அந்த முப்பத்தொரு பக்கத்துல தப்பு இல்ல போலிருக்கு," என்றார்.

அதுவரை கம்பெனி காத்திருக்கவில்லை. எழுபது மைல் தள்ளி வேறு கவுண்டியில் ஆலை கட்டிவிட்டது. அந்த ஊர் இன்றைக்கு எங்களைப் போல எட்டு மடங்கு. புது ஆஸ்பத்திரி, இரண்டு பள்ளிக்கூடம். என் தம்பியும் அங்கே வேலைக்குப் போய் அங்கேயே குடியேறினான்.

தீர்ப்பு வந்து பத்து நாள் இருக்கும். கிளென் ஆபீசுக்கு வந்தார். மூன்று வருடத்தில் முதல் தடவை. வாசலிலேயே நின்று, சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தார்.

"சனிக்கிழம வேட்ட சீசன் தொறக்குது," என்றார்.

"தெரியும்."

"நாய்க்கு வயசாயிடுச்சு. ஓடாது. சும்மா மோப்பம் புடிச்சுட்டு நடக்கும்."

"எனக்கும் அப்படித்தான்."

"ஆறு மணிக்கு வரேன்," என்று சொல்லிவிட்டுக் கிளென் இறங்கிப் போனார். மசோதாவைப் பற்றியோ தேர்தலைப் பற்றியோ இரண்டு பேரும் அன்றும் பேசவில்லை, பிறகும் பேசியதாகத் தெரியவில்லை.

*

இதற்குப் பிறகு நடந்ததுதான் ஊரில் இன்றுவரைக்கும் சொல்லிச் சிரிக்கிற விஷயம்.

எண்பத்தொன்பது வசந்தத்தில் ஹோமர் ஆபீசுக்கு வந்தார். ஒரு பத்திரம் பதிய வேண்டும் என்றார். லோவெல் வாங்கிப் படித்தார். ஒரு தடவை படித்துவிட்டு மறுபடியும் முதல் பக்கத்துக்குப் போனார். ஹோமர் தன் நிலம் முழுவதையும் விற்கிறார். வாங்குவது மாட்டுத் தீவனக் கொட்டில் நடத்துகிற கம்பெனி. இருபதாயிரம் மாடு, எல்லாம் கொழுக்கவைத்து அந்தப் புது ஆலைக்கு அனுப்ப.

எனக்கு ரத்தம் கொதித்தது. "மிஸ்டர் கிட்வெல், இதுக்கா இந்த மனுஷன் செனட்ட விட்டாரு? ஆலை வந்திருந்தா எண்ணூறு வேலை. இதுல எத்தனை? இருபதா?"

"பதினாறு," என்றார் ஹோமர். "அன்னைக்கு விக்கணும்னு தோணல. இன்னைக்கு முட்டி வலிக்குது, விக்கறேன். அன்னைக்கு வந்தவனுங்க எடுத்துக்குவோம்னானுங்க. இவன் தரியான்னு கேட்டான்."

நான் லோவெல்லைப் பார்த்தேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். தோள் குலுங்கியது. அந்த மனிதர் வாய்விட்டுச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாகிவிட்டது.

"என்ன சிரிப்பு?" என்றார் ஹோமர் சந்தேகமாக.

"ஒண்ணுமில்ல. உங்க நிலம், உங்க இஷ்டம். இதத்தான நான் முப்பத்தொரு பக்கம் எழுதினேன். மூணாம் பக்கத்துல எல்லை அளவு தப்பா இருக்கு, திருத்தணும். உக்காருங்க."

ஹோமர் அரிசோனாவில் தங்கை வீட்டுக்குப் போய், நாலு வருடத்தில் இறந்துபோனார். கொட்டில் வந்தது. எங்கள் பக்கம் பாதி நாள் தெற்குக் காற்றுதான். காற்று வீசினால் ஊர் முழுக்கச் சாண நாற்றம். லோவெல் வீடு தெற்குக் கோடி. ஊர்க்காரர்கள் காபிக் கடையில் மூக்கை உறிஞ்சி, "ஆஹா, செனட்டரோட சென்ட்டு," என்பார்கள். ஆனால் இடம் விட்டு உட்காரவைத்துத்தான் சொல்வார்கள். அந்தளவுக்கு அவர்களுக்குக் கோபம் ஆறியிருந்தது. லோவெல் காபியைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போவார். அங்கே அர்லீன் ஜன்னல்களைச் சாத்துவார், ஒவ்வொன்றாக. அந்தச் சாத்துகிற சத்தத்தைத்தான் லோவெல் உண்மையில் தாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது என்று நினைக்கிறேன்.

தொண்ணூற்றுநாலில் எங்கள் பள்ளிக்கூடத்தை மூடி அடுத்த ஊரோடு சேர்த்தார்கள். கடைசி நாள் அர்லீனுடைய வகுப்பிலிருந்து புத்தகப் பெட்டிகளை லோவெல்தான் காரில் ஏற்றினார். அறுபத்துமூன்று வயது. நானும் உதவிக்குப் போயிருந்தேன். சின்ன நாற்காலிகளை அடுக்கிக்கொண்டே, யாரிடம் என்று இல்லாமல் சொன்னார்: "நான் செஞ்சது சரின்னுதான் இன்னைக்கும் நெனைக்கிறேன். ஆனா அது சும்மா வரல. அதுக்கான வில எங்கேயோ இல்ல, இங்கதான் இருக்கு."

அர்லீன் திரும்பிப் பார்த்தார். "அந்தப் பெட்டிய ரெண்டு கையால தூக்குங்க, முதுகு புடிச்சுக்கும்," என்றார். முப்பத்தெட்டு வருடக் கல்யாணத்தில் அந்த விஷயத்துக்கு அவர் கொடுத்த மன்னிப்பு அதுதான் என்று எனக்குப் பட்டது.

அதற்குப் பிறகு ஒரே ஒரு தேர்தலில்தான் ஜெயித்தார். தொண்ணூற்றெட்டில், கல்லறைத் தோட்ட நிர்வாகக் குழுவுக்கு. யாரும் நிற்கவில்லை, நூற்றுப் பன்னிரண்டு பேர் அவருடைய பெயரைச் சீட்டில் கையால் எழுதியிருந்தார்கள். எந்தக் கட்சியும் இல்லாத தேர்தல். அப்படி எழுதினவர்களில் நானும் ஒருத்தி. சொன்னபோது அவருக்குச் சங்கடமாகிவிட்டது. "முப்பத்தஞ்சு வருஷக் கணக்கு கெட்டுப் போச்சே," என்றார். பிறகு அந்த வேலையை, செனட் வேலையைப் போலவே, விதிமுறைகளை ஒரு வரி விடாமல் படித்துச் செய்தார். புல் வெட்டுகிறவன் அவருக்குப் பயந்தான்.

2006 மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை, மேஜையில் உட்கார்ந்திருந்தவாறே நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். எழுபத்து நாலு வயது. ஆம்புலன்ஸ் வந்தது, ஆனால் ஆஸ்பத்திரி நாற்பது மைல். அடக்கத்துக்குச் சர்ச் கொள்ளாத கூட்டம். கிளென் பேச எழுந்தார், நாலு வார்த்தைக்கு மேல் வரவில்லை, உட்கார்ந்துவிட்டார். டுவேன் வந்திருந்தார். அர்லீன் முதல் வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்து, பாட்டு வந்தபோது அவர் பாடுகிற மாதிரியே சத்தமாகப் பாடினார்.

ஆபீசைக் காலி செய்ய எனக்கு ஆறு வாரம் பிடித்தது. உயில்களும் பத்திரங்களும் சேர்த்து நாற்பத்தொரு பெட்டி. கோர்ட்டுக்குக் கொண்டுபோக வேண்டியதைத் தனியாக, குடும்பங்களுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டியதைத் தனியாக வைத்தேன். கடைசி வாரம் ஒரு மத்தியானம் படியில் யாரோ ஏறி வந்தார்கள். தெற்குப் பக்கத்து விவசாயி, வயதான மனிதர், பெயர் ஆர்டிஸ். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு காலி அலமாரிகளைப் பார்த்தார்.

"வேலியப் பத்தி ஒண்ணு கேக்கணும்னு வந்தேன், மாவிஸ். பக்கத்துக்காரன் நாலு அடி உள்ள வந்துட்டான். இனிமே யார்கிட்டப் போறது?"

எங்கள் கவுண்டியில் இப்போது வக்கீல் யாரும் இல்லை என்று சொன்னேன். அறுபது மைல் தள்ளி இருக்கிற ஒருவருடைய பெயரையும் போன் நம்பரையும் எழுதிக் கொடுத்தேன். அவர் அதை வாங்கிப் படித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்து மெதுவாக இறங்கிப் போனார்.